அலைபாயும் கேள்விகள்

கே: ரேடியோ அலை என்றால் பாட்டுக் கேட்கத்தானே? (திருவாரூர்)

ப: பாட்டு அதன் பகுதிநேர வேலை. முழுநேர வேலைகள்: சுங்கச்சாவடி ஃபாஸ்டேக், மெட்ரோ அட்டை, வைஃபை, புளூடூத், விமான நிலைய ராடார், ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ., அடுப்படி மைக்ரோவேவ்.

எல்லாம் ஒளியின் உடன்பிறப்புகள்தான். அதே வேகம், நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். நீளத்தில்தான் வித்தியாசம். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலையின் நீளம் 3 மீட்டர். நிலைப்படியையும் தாண்டுகிற உயரம்.

கே: யூடியூபில் 'பிரபஞ்சத்தின் ஓசை' என்று போடுகிறார்களே, உண்மையா? (தேனி)

ப: வெற்றிடத்தில் ஓசை ஓர் அங்குலம்கூட நகராது. வந்து சேரும் ரேடியோ அலையை வாங்கி, ஒலியாக மாற்றிப் போடுகிறார்கள். வெறும் 'உஸ்' என்று கேட்டால் நம்பலாம். மெட்டோடு கேட்டால் நடுவில் ஓர் இசையமைப்பாளர் இருக்கிறார்.

கே: அந்த 'உஸ்'ஸை முதலில் கேட்டவர் யார்? (கரூர்)

ப: கார்ல் ஜான்ஸ்கி. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இளம் பொறியாளர். அட்லாண்டிக் தாண்டிப் பேசும் ரேடியோ தொலைபேசியில் ஏன் இத்தனை இரைச்சல் என்று துப்புத் துலக்கச் சொன்னார்கள். நியூ ஜெர்சியில் ஃபோர்டு காரின் சக்கரங்களை மாட்டி, சுற்றிச் சுழலும் ஆன்டெனா ஒன்றைக் கட்டினார்.

இரைச்சலில் மூன்று ரகம். பக்கத்து இடி, தூரத்து இடி, மூன்றாவது இந்த 'உஸ்'. அது தினமும் 4 நிமிடம் முன்னதாகவே ஆஜரானது. சூரியன் வேலை என்றால் 24 மணிக்கு ஒருமுறை வரவேண்டும். 23 மணி 56 நிமிடத்தில் சுற்றி வருவது நட்சத்திரங்கள். ஆக ஆசாமி உள்ளூர் இல்லை. தனுசு ராசிப் பக்கம், பால்வெளியின் நடுமையம். 1933ல் அறிவித்தார். நிர்வாகம் அவரை வேறு வேலைக்கு அனுப்பியது.

கே: அப்புறம் யார் தொடர்ந்தது? (கரூர், அதே வாசகர்)

ப: ஒரே ஓர் ஆள். க்ரோட் ரீபர். 1937ல் இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் நகரில், வீட்டுத் தோட்டத்தில், கைக்காசு போட்டு 9 மீட்டருக்கு மேல் அகலமான கிண்ண ஆன்டெனா கட்டினார். பகலில் தெருவில் போகும் கார்களின் தீப்பொறி அலைகள் தொல்லை கொடுத்ததால் இரவில்தான் வேலை. சில ஆண்டுகள் உலகத்தின் ரேடியோ வானியலாளர் சங்கம் அவர் ஒருவர்தான். கோஷ்டிச் சண்டை இல்லாத சங்கம்.

கே: சூரியனும் ரேடியோ ஒலிபரப்புகிறதா? (சிவகாசி)

ப: உலகப்போரையே குழப்பியிருக்கிறது. 1942 பிப்ரவரிக் கடைசியில் பிரிட்டனின் ராடார்கள் திடீரென்று திணறின. ஜெர்மானியர் சதி என்று ராணுவம் பதறியது. ஜே.எஸ்.ஹே என்பவர் விசாரித்தார். ராடார்கள் திணறிய திசையில் சூரியன். அதன் முகத்தில் பெரியதொரு கரும்புள்ளிக் கூட்டம். எதிரி 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். போர் முடியும்வரை விஷயம் வெளியே வரவில்லை.

கே: வானத்து ரேடியோ அலை பலமா, என் செல்போன் பலமா? (அம்பத்தூர்)

ப: புறப்படும் இடத்தில் வானம். வந்து சேரும் இடத்தில் செல்போன். நிலாவில் ஒரு சாதாரண செல்போனை வைத்து 'ஹலோ' சொன்னால், நம் ரேடியோ தொலைநோக்கிகளுக்கு அது வானத்தின் மிகப் பிரகாசமான பொருள்களில் ஒன்று. அண்டை கேலக்சியைக் கேட்க முயல்பவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சு எவ்வளவு இடைஞ்சல் என்று இப்போது புரிந்திருக்கும்.

கே: உண்மையிலேயே மிகப் பலமான ரேடியோ அலை எது? (திருநெல்வேலி)

ப: 'வேக ரேடியோ வெடிப்பு' என்கிற ரகம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001ல் பதிவு செய்து கிடப்பில் கிடந்த தகவலை, 2007ல் டங்கன் லோரிமரும் சகாக்களும் புரட்டினார்கள். ஒரு துடிப்பு அகப்பட்டது. ஆயுள் 5 மில்லிநொடிக்கும் குறைவு. வந்தது நம் கேலக்சிக்கு வெகுதூரம் அப்பாலிருந்து. இந்த ரகத்தில் சில, சூரியன் பல நாள் உழைத்துக் கொட்டும் ஆற்றலைக் கண்ணிமைப்பதற்குள் கொட்டிவிடும்.

இதுவரை ஆயிரத்துக்கு மேல் பிடித்தாயிற்று. 2020 ஏப்ரல் 28ல் நம் பால்வெளிக்குள்ளேயே ஒன்று வெடித்தது. அது 'மேக்னடார்' என்னும் கடும் காந்த விண்மீன். செத்த நட்சத்திரத்தின் மிச்சம். எல்லா வெடிப்புக்கும் அதே ஆசாமிதான் காரணமா? விசாரணை நடக்கிறது.

கே: மைக்ரோவேவ் அடுப்பு விஞ்ஞானிகளையே ஏமாற்றியதாமே? (கோவை)

ப: பதினேழு வருஷம் ஏமாற்றியது. அதே பார்க்ஸ் தொலைநோக்கியில் 1998 முதல் விசித்திரத் துடிப்புகள். 'பெரிட்டான்' என்று கற்பனை மிருகத்தின் பெயரெல்லாம் சூட்டினார்கள். ஆனால் அவை அலுவலக நேரத்தில் மட்டுமே வந்தன. பிரபஞ்சத்துக்கு ஏது மதியச் சாப்பாட்டு வேளை?

2015ல் எமிலி பெட்ராஃப் குழு கண்டுபிடித்தது. அடுப்பு 'டிங்' என்று முடிப்பதற்குள் யாரோ பசி தாங்காமல் கதவைத் திறக்கிறார்கள். அணையும் தருவாயில், அலையை உண்டாக்கும் அதன் மேக்னெட்ரான் ஒரு துணுக்கு அலையை வெளியே விடுகிறது. சாப்பாட்டறைக் குற்றவாளி பிடிபட்ட பிறகுதான், லோரிமரின் வெடிப்பு மீதிருந்த சந்தேகமும் தீர்ந்தது. அது அசல்.

கே: மைக்ரோவேவும் தண்ணீர் மூலக்கூறும் ஒரே அதிர்வெண் என்பதால்தான் சூடாகிறது என்று என் ஆசிரியர் சொன்னார். (விருதுநகர், 10ஆம் வகுப்பு)

ப: ஆசிரியரை வணங்குங்கள். அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். 2,450 மெகாஹெர்ட்ஸ் என்பது தொழிற்சாலை, மருத்துவம் போன்ற உபயோகங்களுக்கென்று உலக நாடுகள் பேசி ஒதுக்கிய பட்டை. தண்ணீருக்கென்று விசேஷமானது இல்லை.

தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர், மறுமுனை எதிர். நொடிக்கு 245 கோடி தடவை மின்புலம் முன்னும் பின்னுமாகத் திசை மாறினால், அது திரும்பித் திரும்பிப் பார்த்தே சூடாகிவிடும். அலையைத் தண்ணீர் முழுமூச்சாக விழுங்கியிருந்தால் இட்லியின் தோல் மட்டும் கொதித்து, நடுப்பகுதி ஃபிரிட்ஜ் குளிரிலேயே இருந்திருக்கும்.

கே: அந்த அடுப்புக் கதவில் ஏன் ஓட்டை ஓட்டையாகத் தகடு? (வேலூர்)

ப: அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். ஓட்டை ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அலைக்கு அது ஓட்டையே இல்லை, கட்டிச்சுவர். ஒளிக்கு அது ராஜபாட்டை. அதனால் குருமா கொதிப்பதை நீங்கள் பார்க்கலாம், குருமாவைக் கொதிக்கவைப்பது உங்களைத் தொடாது.

இதே சூத்திரத்தை வைத்துக் கோடிக்கணக்கில் மிச்சம் பிடித்தவர் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். புனேவுக்கு வடக்கே நாராயண்காவ் பக்கம் 45 மீட்டர் அகலத்தில் 30 ரேடியோ தொலைநோக்கிக் கிண்ணங்கள். கனத்த உலோகத் தகடு போட்டால் கட்டுப்படியாகாது. மீட்டர் நீள அலைகளுக்குக் கம்பி வலையே போதும் என்று வலையை இழுத்துக் கட்டினார். காற்று உள்ளே புகுந்து வெளியே போய்விடும், அலை மட்டும் மாட்டிக்கொள்ளும்.

கே: ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் நீளமாக ஒரு கம்பிக்கூடு நிற்கிறதே, அது என்ன? (குன்னூர்)

ப: கேட்டதற்கு நன்றி. ஊட்டிக்குப் போனவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படகு ஓட்டிவிட்டு வறுக்கி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். தவறவிட்டது உலகத்தரமான ஒரு மூளை வேலையை.

நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். 1970ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஸ்வரூப்பும் இளைஞர் பட்டாளமும் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டினார்கள். சூட்சுமம் மலையில்தான். ஊட்டி பூமியின் நடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகை. அதே 11 பாகையில், தெற்கு வடக்காகச் சரிந்த ஒரு மலையைத் தேடினார்கள். அதன்மேல் தொலைநோக்கியைப் படுக்கவைத்தால் அதன் அச்சும் பூமியின் அச்சும் இணை. பூமி சுற்றுகிற வேகத்தில் ஒரே அச்சில் எதிர்ப்புறமாகத் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம்.

பெரிய நாடுகள் பணத்தைக் கொட்டிச் செய்ததை ஒரு மலைச்சரிவு செய்தது. நிலா குறுக்கே வந்து தொலைதூர ரேடியோ மூலங்களை மறைக்கும் கணத்தை வைத்து அவற்றின் அளவைக் கணித்தார்கள். பெருவெடிப்புக் கொள்கைக்கு ஆதரவான சான்றுகளில் ஊட்டியின் பங்கும் உண்டு. ஸ்வரூப் 2020ல் காலமானார். கம்பிக்கூடு இன்னும் வேலை செய்கிறது.

கே: பெருவெடிப்பின் மிச்சத்தைப் புறாக்கள் மறைத்தனவாமே? (நாகர்கோவில்)

ப: பாவம், பொய் வழக்கு. 1964ல் பென்சியாஸ், வில்சன் இருவரும் நியூ ஜெர்சியில் ஒரு கொம்பு ஆன்டெனாவில் போகாத இரைச்சல் ஒன்றோடு மல்லுக்கட்டினார்கள். உள்ளே புறாக்கூடு. எச்சத்தைச் சுரண்டினார்கள், புறாக்களை விரட்டினார்கள். இரைச்சல் அப்படியே. எல்லாத் திசையிலும், எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு. அது பிரபஞ்சம் பிறந்த சூட்டின் மிச்சம். இன்று தனிச்சுழிக்கு மேல் 2.7 கெல்வின். 1978ல் நோபல் பரிசு. புறாக்களுக்கு நஷ்டஈடு இல்லை.

கே: பெண்கள் யாரும் இந்தத் துறையில் இல்லையா? (மயிலாடுதுறை)

ப: இருந்தார்கள். பரிசுப் பட்டியலில்தான் இல்லை. 1967ல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல், மைல் கணக்கான காகிதப் பதிவில் ஒரு சிறு கிறுக்கலைக் கவனித்தார். 1.337 நொடிக்கு ஒரு துடிப்பு, கடிகாரம் பிசகாமல். வேற்றுக்கிரக மனிதரோ என்று 'குட்டிப் பச்சை மனிதர் 1' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அது சுழலும் நியூட்ரான் விண்மீன், பல்சார்.

1974 நோபல் அவருடைய வழிகாட்டி ஹியூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018ல் அவருக்கு 30 லட்சம் டாலர் பரிசு ஒன்று வந்தது. முழுவதையும், வாய்ப்புக் குறைந்த பிரிவு மாணவர்கள் இயற்பியல் படிக்கக் கொடுத்துவிட்டார். பரிசு யாருக்குப் பொருந்தும் என்பதை நோபல் குழுவைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார்.

கே: எம்.ஆர்.ஐ. எடுத்தால் எக்ஸ்-ரே மாதிரி கதிர் பாய்கிறதா? அம்மா பயப்படுகிறார். (திருச்சி)

ப: அம்மாவிடம் சொல்லுங்கள்: பாய்வது எஃப்.எம். வானொலியின் ஜாதி. அணுவை உடைக்கும் பலம் அதற்கு இல்லை.

உடம்பெங்கும் தண்ணீர், அதில் ஹைட்ரஜன். 1.5 டெஸ்லா காந்தத்துக்குள், அதாவது பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு பலத்துக்குள் படுத்தால், ஹைட்ரஜன் கருக்கள் நொடிக்கு சுமார் 6.4 கோடி தடவை தள்ளாடிச் சுழலும். அதே 64 மெகாஹெர்ட்ஸில் ரேடியோ அலை தட்ட வேண்டும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தானே உயரப் போகும்? அலையை நிறுத்தியதும் கருக்கள் அதே அலைவரிசையில் மெல்லிய பதில் ஒன்றை அனுப்பும். அதைப் பிடித்துப் படமாக்குகிறார்கள். வெளியுலக ரேடியோ உள்ளே வந்து கெடுக்காமலிருக்க அறையைச் சுற்றிச் செம்புக் கவசம்.

பயம் வேண்டியது அலைக்கு அல்ல, காந்தத்துக்கு. சாவி, கொண்டை ஊசி, சக்கர நாற்காலி எதுவும் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து வந்து உயிர் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன. பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கே: அது ஏன் தடதடவென்று அப்படிச் சத்தம்? (திருச்சி, மகன்)

ப: பெரிய காந்தத்துக்குள் சின்னக் கம்பிச்சுருள்கள். அவற்றில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது சுருள்கள் உதறிக்கொள்கின்றன. உங்கள் தலை எங்கே முடிந்து கழுத்து எங்கே தொடங்குகிறது என்று இடம் குறிக்கிற வேலை அவற்றுடையது. காதடைப்பான் கேட்டு வாங்குங்கள்.

கே: வான ஆராய்ச்சிக்குச் செலவழிக்கிற பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே? (சேலம்)

ப: கட்டுங்கள். உள்ளே வைக்கிற கருவிக்கு வானத்தைத்தான் கேட்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்கு அடிப்படையான அணுக்காந்த ஒத்ததிர்வை 1946ல் கண்ட இருவரில் ஒருவர் எட்வர்ட் பர்செல். அவரே 1951ல் யூவன் என்ற மாணவரோடு, ஹார்வர்டில் ஜன்னலுக்கு வெளியே மரத்தாலான ஒரு கொம்பு ஆன்டெனாவை நீட்டி, விண்வெளி ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்தார். மழை பெய்தால் கொம்பு வழியாக ஆய்வுக்கூடத்துக்குள் தண்ணீர் வரும்; மாணவர்கள் அதற்குள் பனியுருண்டை எறிந்து விளையாடுவார்கள். முழங்கால் ஹைட்ரஜனும் பால்வெளி ஹைட்ரஜனும் ஒரே மனிதரிடம் பேசின.

ரோனால்ட் பிரேஸ்வெல் 1956ல் ரேடியோ வானியலுக்காக எழுதிய கணிதம் பின்னாளில் சி.டி. ஸ்கேனில் படம் கோக்க உதவியது. ஸ்டான்ஃபோர்டில் அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான் ஊட்டி ஸ்வரூப்.

கே: இதயத்தை ரேடியோ அலையால் சுடுகிறார்களாமே! (ஈரோடு)

ப: கெட்டுப்போன மின்துடிப்புப் பாதையை மட்டும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்துக்குள் தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயை ஏற்றி, அதன் நுனியில் சுமார் 500 கிலோஹெர்ட்ஸ் மின்னோட்டம் கொடுப்பார்கள். மத்திய அலை வானொலிக்குப் பக்கத்து வீடு. தவறான வழியில் மின்துடிப்பைக் கடத்தும் சில மில்லிமீட்டர் திசு சூட்டில் கருகும். தாளம் சீராகும். நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை.

கே: செல்போன் கோபுரத்தால் புற்றுநோய் வருமா? எங்கள் தெருவில் போராட்டம். (ஆவடி)

ப: கோபுரத்தைத் தூரத்தில் விரட்டினால் உங்கள் செல்போன் இன்னும் உரக்கக் கத்தும். அது இருப்பது உங்கள் காதில். இந்தியாவில் 2012 முதல் கோபுர அலைக்கான வரம்பு, சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்கு. உறுதியாக நிறுவப்பட்ட பாதிப்பு சூடேறுவது ஒன்றே.

2011ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 'இருக்கக்கூடும்' என்ற வகையில் இதைப் போட்டது உண்மை. அதே வகையில் ஆசியக் காய்கறி ஊறுகாயும் உண்டு. 2024ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுப் பெற்ற ஆய்வுத் தொகுப்பில் கைபேசிக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தென்படவில்லை. உங்கள் போராட்டத்தைத் தெருவில் தேங்கும் மழைநீர் பக்கம் திருப்புங்கள். டெங்குவுக்கு ஆய்வுத் தொகுப்பே தேவையில்லை.

கே: சிட்டுக்குருவிகள்? (ஆவடி, அதே தெரு)

ப: கோபுரம்தான் கொன்றது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஓட்டு வீட்டு இடுக்கு போயிற்று, குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி போயிற்று. திரைப்படத்தில் வந்ததெல்லாம் தீர்ப்பு ஆகாது.

கே: ஃபாஸ்டேக் ஸ்டிக்கருக்குள் பேட்டரி எங்கே? (கிருஷ்ணகிரி)

ப: கிடையாது. சாவடியின் ஆன்டெனா வீசும் 865 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலான அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதே அலையைக் குறிப்போடு திருப்பி அனுப்புகிறது. மின்சாரம் அவர்களுடையது, காசு உங்களுடையது.

கே: வைஃபைக்கும் கருந்துளைக்கும் என்ன சம்பந்தம்? (பெங்களூரு)

ப: ஜான் ஓ'சல்லிவன் என்ற ஆஸ்திரேலியர். குட்டிக் கருந்துளைகள் வெடித்தால் ரேடியோ துடிப்பு வரும் என்ற கணிப்பை நம்பி 1970களில் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. சிதறிய துடிப்பைக் கூர்மையாக்கக் கற்ற கணிதம் மட்டும் மிஞ்சியது. அறைச்சுவர்களில் எதிரொலித்துக் குழம்பும் கம்பியில்லா இணையத்துக்கு அந்த அனுபவமே மருந்தானது. அவருடைய நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. காப்புரிமையில் ஈட்டியது 43 கோடி ஆஸ்திரேலிய டாலர். கருந்துளையில் போட்ட காசு திரும்பி வந்த ஒரே சந்தர்ப்பம்!

கே: அந்தக் காலத்தில் இரவானால் இலங்கை வானொலி மத்திய அலையில் தெளிவாகக் கேட்குமே, ஏன்? (தஞ்சாவூர், 74 வயது)

ப: ஐயா, அது சூரியன் மறைந்து செய்த உபகாரம். பகலில் வெயிலால் உருவாகும் கீழ் அயனிப் படலம் மத்திய அலையை விழுங்கிவிடும். அந்தி சாய்ந்ததும் அது கலைந்துபோகும். அலை மேலே ஏறி, உயரப் படலத்தில் பட்டு, உங்கள் திண்ணைக்குத் திரும்பும். நடுவில் கடல்நீர் வேறு நல்ல கடத்தி.

கே: வாயேஜரோடு இன்னும் பேச முடிகிறதா? (ஓசூர்)

ப: 1977ல் கிளம்பிய வாயேஜர் 1 விண்கலம், இப்போது 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். அதன் ஒலிபரப்புச் சக்தி சுமார் 23 வாட், குளியலறை விளக்கு. செய்தி வந்து சேர 22 மணி நேரத்துக்கு மேல். 2023 நவம்பரில் உளறத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று பழுது. 2024 ஏப்ரலில் இங்கிருந்தே, ரேடியோ அலை அனுப்பியே சரிசெய்தார்கள். நம் ஊரில் வாசலுக்கு மெக்கானிக் வருவதற்கே அதைவிட அதிக நாள் ஆவதுண்டு.

கே: கருந்துளைப் படத்தை எடுத்த கேமரா எது? (பாண்டிச்சேரி)

ப: பூமி. ஸ்பெயின் முதல் தென்துருவம் வரை எட்டு ரேடியோ தொலைநோக்கிகள் 2017ல் கைகோத்தன. 1.3 மில்லிமீட்டர் அலை. தகவல் இணையத்தில் அனுப்ப முடியாத பருமன், ஹார்டு டிஸ்க்குகளை விமானத்தில் ஏற்றினார்கள். தென்துருவத்து டிஸ்க்குகள் குளிர்காலம் முடிய மாதக்கணக்கில் காத்திருந்தன. 2019 ஏப்ரல் 10ல் படம் வெளியானது. மங்கலாக இருக்கிறது என்று குறை சொன்னவர்களுக்கு: அது 5.5 கோடி ஒளியாண்டு தூரம்.

கே: பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. ரேடியோ வானியல் படிக்க நான் எங்கே போக வேண்டும்? (திண்டுக்கல்)

ப: முதலில் ஊட்டி முத்தோரைக்கு. அனுமதி கேட்டு, நண்பர்களோடு போங்கள். வாசலிலேயே செல்போன்களை அணைத்துவிடுங்கள். அங்கே வந்துசேரும் சமிக்ஞை அத்தனை மெலிது. பிறகு ஊட்டி, நாராயண்காவ் இரண்டையும் நடத்தும் புனே தேசிய ரேடியோ வானியற்பியல் மையம். தென்னாப்பிரிக்காவில் 197 கிண்ணங்களும் ஆஸ்திரேலியாவில் 1,31,072 ஆன்டெனாக்களுமாக எழும் பிரமாண்ட தொலைநோக்கியில் இந்தியா பங்காளி. 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அதில் வேலை செய்ய இயற்பியல் தெரிந்தவர், மின்னணுவியல் தெரிந்தவர், கணினி தெரிந்தவர் எல்லோரும் வேண்டும். மூன்றாம் ஆண்டு முடியட்டும் என்று காத்திராதீர்கள். கோடை விடுமுறைப் பயிற்சிக்கான விண்ணப்பத்தை இந்த வாரமே தேடுங்கள்.